ஒற்றைக் கையில் கூடை

‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ அக்கா என்று ஓர் இனம் உண்டு. அழிந்துவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம், அமோகமாக இருக்கிறது. பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், பேங்கில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும், ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்பில் நடக்கும். மரக்காணம் உப்பளத்தில் அதற்குப் பெயர் கமலாம்பாள், அங்கே வெகுகாலமாக உப்புச் சுமக்கிறவள்.

கமலாம்பாளின் கெட்டிக்காரத்தனம், எந்தப் புகாரையும் கேட்ட மாத்திரத்தில் கரைத்துவிடுவது. உப்புக் கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது, யாராவது ஒரு கை தூக்கிவிட வேண்டும். அந்த உபகாரத்துக்கென்றே மேஸ்திரி சுப்ராயன் வரப்பில் காத்திருப்பான். கூடை தலைக்கு ஏறியதும் பெண்ணின் இரண்டு கையும் மேலே போய்விடும். தூக்கிவிட்ட மேஸ்திரியின் கையோ நேராக வீடு திரும்பாது, டவுன் பஸ் மாதிரி நாலு இடத்தில் நின்றுதான் போகும். இதைச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் கமலாம்பாளிடம் பதில் தயார். மேஸ்திரி அண்ணன் தொட்டுப் பேசுற ஆளு. பெத்த அப்பன் மாதிரி. பாவம், கண்ணு சரியா தெரியல. அந்தக் கண் தெரியாத மனுஷன்தான் எட்டாவது பாத்தியில் நின்றுகொண்டு, கூடையில் ஒரு கைப்பிடி உப்பு குறைந்தால் கண்டுபிடிக்கிறான். அதைக் கேட்கக் கூடாது.

சரி, ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத அந்த விஷயத்துக்காகப் புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருத்திக்கும் அவள் கொடுக்கும் பயிற்சி இருக்கிறதே, அதனிடம் போலீஸ் டிரெயினிங் தோற்றுப்போகும். வரிசையில் கடைசியாக நடக்காதே. கூட நடக்கும் பெண்ணையே கூடையைத் தூக்கிவிடச் சொல். அவன் வந்துவிட்டானா, வலது கையால் மட்டும் கூடையைப் பிடி, இடது கையை விலாவுக்குக் குறுக்கே மடக்கி முழங்கையை வெளியே நீட்டி வை. எதற்கு என்று கேட்டால், “பேலன்ஸுக்குடி” என்பாள். சும்மாடு வைத்து இரண்டு கையால் பிடிக்க வேண்டிய கூடையை அந்த அளத்துப் பெண்கள் மட்டும் ஒற்றைக் கையால் பிடித்து நடப்பார்கள். ஈ.சி.ஆரில் போகிறவர்கள் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். சாயங்காலம் எல்லாருக்கும் ஒரு பக்கக் கழுத்து இழுக்கும். அது வாயு என்பாள் கமலாம்பாள்.

இப்படிப்பட்டவளைச் சும்மா விடுவார்களா? பெண்கள் புகாருக்குக் கமிட்டி வைக்க வேண்டும் என்று மேலிடத்தில் நெருக்கியதும், முதலாளி யோசிக்காமல் அவளைத் தலைவியாக்கினார். வெளியாள் ஒருவர் வேண்டுமென்று திண்டிவனத்திலிருந்து விஜயலட்சுமி டீச்சர். கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று தலைவிக்கென்றே வந்தது. கமலாம்பாள் அதைத் தினமும் துடைத்து வைத்தாள்.

முதல் புகார் பூங்குழலியுடையது. பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து இந்த சீசனுக்கு வந்த பெண். பயிற்சியை ஒழுங்காகக் கேட்காதவள். சுப்ராயன் கை இறங்கியதும் முழங்கையை நீட்டுவதற்குப் பதில் கூடையை அப்படியே அவன் காலில் போட்டுவிட்டாள். புகார் நிரூபணம் ஆகாவிட்டால் நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். இங்கே வேண்டாம் என்றால் பக்கத்து அளத்திலும் வேண்டாம்தான்.

விசாரணையன்று டீச்சர் பக்கத்தில் முதலாளியின் ஆள் ஒருவன் இருந்தான், சுப்ராயன் கட்டுப்போட்ட காலோடு ஓரமாக உட்கார்ந்தான். தலைவி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “அன்னிக்கு என்னா டிரஸ்ஸு போட்டிருந்த?”

கேட்ட பிறகுதான் உறைத்தது. உப்பளத்தில் என்ன டிரஸ்? புடவைமேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையையும் முகத்தையும் சுற்றி ஒரு துண்டு, தெரிவது கண் மட்டும். தலைவிக்கும் அதே யூனிஃபார்ம்தான். அந்தக் கேள்வி போயிற்று. தனியாக ஏன் போனாய் என்றாள். கடைசிப் பாத்திக்கு அனுப்பியதே மேஸ்திரிதான். அவனைப் பார்த்துச் சிரித்தாயா? துண்டுக்குள் சிரித்தால் யாருக்குத் தெரியும்? ஊரில் எல்லா இடத்திலும் செல்லுபடியாகிற கேள்விகள் இந்தப் பாழாய்ப்போன உப்பளத்தில் மட்டும் ஒன்றுகூடத் தேறவில்லை.

கடைசியில் பழைய மருந்தையே எடுத்தாள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல பூங்குழலி. கூடை தூக்கிவிடறப்ப கை படும்தான்.”

“சரிக்கா, ஒண்ணுமில்லன்னே வெச்சிக்கலாம். அப்ப நீங்க ஏன் இத்தினி வருசமா ஒத்தக் கையில கூடை புடிக்கிறீங்க?”

பேலன்ஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். டீச்சர் அவளுடைய இடது கையைப் பார்ப்பது தெரிந்தது. தானும் பார்த்தாள். தலையில் கூடை இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் இடது கை விலாவுக்குக் குறுக்கே மடங்கி, முழங்கை சுப்ராயன் இருந்த பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் வைக்கச் சொல்லவில்லை.

முதலில் பூங்குழலிமேல் எரிச்சலாக வந்தது. அப்புறம் ராசம்மாள் ஞாபகம் வந்தது. அழுதுகொண்டு வந்து நின்றவளை அப்பன் மாதிரி என்று சொல்லித் திருப்பி அனுப்பினாளே, அந்த ராசம்மாள். மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். கமலாம்பாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“டீச்சர், இந்தப் பொண்ணு சொல்றது நெசம். எனக்கும் நடந்துது. எல்லாருக்கும் நடந்துது.”

தலைவியே சாட்சி சொல்லக் கூடாதே என்று இழுத்தான் முதலாளியின் ஆள். “அப்ப நான் தலைவி இல்ல” என்று அருமை நாற்காலியை விட்டு எழுந்து பூங்குழலி பக்கத்தில் போய் நின்றாள் கமலாம்பாள். அண்ணே, அண்ணே என்று அத்தனை காலம் கூப்பிட்ட வாய், “ஏம்பா சுப்ராயா, இப்பச் சொல்லு, உனக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?” என்று கேட்டது. அவன் காலைத் தடவிக்கொண்டான்.

இப்போது அந்த வரப்பில் சுப்ராயன் இல்லை. பூங்குழலி வேலையில் இருக்கிறாள். பெண்கள் இரண்டு கையாலும் கூடை பிடிக்கிறார்கள், கமலாம்பாளின் வாயு மருந்தில்லாமல் போய்விட்டது, படம் எடுக்க யாரும் காரை நிறுத்துவதில்லை.

உப்பளத்துக் கதை, நமக்கென்ன என்று சிரிக்கிறீர்களா? உங்கள் ஆபீசில் எல்லாம் டீசன்ட்தான், தெரியும். அந்த ஒரு கேபினுக்குப் போகும்போது மட்டும் ஃபைலை ஏன் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறீர்கள், அந்த ஒருவர் இருந்தால் மட்டும் லிஃப்டை விட்டுப் படியேறுவது எந்த உடற்பயிற்சி என்று கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் ஆண்பிள்ளையானால் யோசிக்கவே வேண்டாம். நாளைக்கு வராந்தாவில் எதிரே வருகிறவளுடைய முழங்கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.