ஒன்பதாம் இடத்துக்கு ஒரு திட்டம்

மே மாதம் பதினாறாம் தேதி, காலை ஏழரை மணிக்கு, தட்டில் முட்டை ஆறிக்கொண்டிருந்தபோது, இந்த வருஷம் தோற்பது என்று முடிவு செய்தேன்.

சும்மா தோற்பது அல்ல. அதை இருபத்தாறு வருஷமாகச் செய்துவருகிறேன். அதற்கு முடிவு எதுவும் தேவைப்படவில்லை. ஜெயிக்க முயன்றாலே போதுமாக இருந்தது. இந்த முறை திட்டமிட்டுத் தோற்பது. மூன்று வருஷம் கழித்து ஜெயிப்பதற்காக இப்போதே தோற்றுவைப்பது. எங்கள் வட்டாரத்தில் இதற்கு மறுசீரமைப்பு என்று மரியாதையான பெயர் உண்டு.

எங்களுடையது பத்துப் பேர் லீக். பேஸ்பால் ஆட முட்டி இடம் கொடுக்காதவர்கள். அதனால் ஆடுவதில்லை. நிஜ ஆட்டக்காரர்களைப் பங்குபோட்டு, காகிதத்தில் ஆளுக்கொரு அணி வைத்திருக்கிறோம். அவர்கள் எங்கோ சிகாகோவில் பந்தை அடித்தால் இங்கே ஈரி நகரத்தில் எங்களுக்குப் புள்ளி ஏறும். வருஷக் கடைசியில் ஐந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட வேண்டும். "கிழங்களைக் கழட்டி விட்டுட்டு அந்தச் சின்னதை மட்டும் வெச்சுக்கப் போறேன்" என்று ஒருமுறை போனில் உரக்கச் சொல்லிவிட்டேன். விருந்துக்கு வந்திருந்த என் மாமியார் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆக, லீக்கில் இரண்டு வகை மனிதர்கள். இந்த வருஷமே கோப்பை வேண்டும் என்று, நாளைய பையன்களைக் கொடுத்து இன்றைய கிழவர்களை வாங்குகிறவர்கள். இந்த வருஷம் போனால் போகட்டும் என்று கிழவர்களைக் கொடுத்துப் பையன்களை வாங்குகிறவர்கள். நான் முதல் வகையாக இருந்து கிழவனானவன்.

"ரோவீனா, நான் மறுசீரமைக்கப் போறேன்."

"குளியலறையையா?"

"அணியை."

"குளியலறைக் குழாய் பிப்ரவரியிலேருந்து ஒழுகுது லைல்."

"அது வேற சீரமைப்பு. இது தொலைநோக்கு."

"தொலைநோக்கு இருக்கு, பக்கத்துல இருக்கற குழாய்தான் தெரியல."

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு ஷிப்ட் போடுகிறவள். ஐம்பத்திரண்டு நர்சுகள். யாருக்கு நிஜமாகவே காய்ச்சல், யாருக்குத் தங்கை கல்யாணக் காய்ச்சல் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். அவளிடம் தொலைநோக்கு பேசியிருக்கக் கூடாது.

"தோத்தா கடைசி வருவ," என்றாள். "கடைசி வந்தா அடுத்த மார்ச்சுல ஆள் எடுக்கற கூட்டம் மறுபடி நம்ம வீட்டுல."

அதுதான் எங்கள் விதி. கடைசியில் வருகிறவன் வீட்டில் பத்துப் பேரும் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அடுத்த வருஷத்துக்கு ஆள் எடுப்போம். இரண்டு வருஷமாக எங்கள் வீடுதான். முதல் வருஷம் சோபாவின் கால் போனது. இரண்டாம் வருஷம் பெப்பரோனி இறைச்சி அடைத்த நூற்றிருபது ரொட்டி உருண்டைகளும், அவற்றோடு கம்பளத்தின் நிறமும் போயின.

"கடைசி வரமாட்டேன். ஒன்பதாவது வருவேன். கர்ட் பத்தாவது வருவான். கணக்குப் போட்டாச்சு."

"ஒன்பதாவதுக்குக் குறிவெச்சு உழைக்கிற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன்."

"கடைசி வந்தா லீக்கை விட்டே விலகிடறேன். போதுமா?"

இதைச் சொன்னது நான்தான் என்று இன்றும் நம்பமுடியவில்லை. அவள் உடனே ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தாள். கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான், லீக் போனால் எனக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். பெயின்ட் கடையில் கலர் கலக்கும் வேலை மிஞ்சும். முட்டி மிஞ்சும். வேறு எதுவும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

ஜூன் முடிவதற்குள் முப்பது தாண்டியவர்களை எல்லாம் தள்ளிவிட்டேன். பதிலுக்கு வந்தவர்கள் அப்போதுதான் ஷேவ் பண்ணக் கற்றவர்கள். அவர்களில் ஒருவன் சுத்த வைரம். டீகன் ஃபாஸ். இருபது வயது, வலது கையால் பந்து வீசுகிறவன். மணிக்கு நூறு மைல் வேகம். எங்கே போகும் என்பதுதான் அவனுக்கும் தெரியாது. அவன் பெயரைச் சொல்லும்போது என் குரல் மாறுகிறது என்று ரோவீனா சொன்னாள். எங்கள் மகள் பிறந்தபோதுகூட அப்படி மாறவில்லையாம்.

பக்கத்து வீட்டு கர்ட்டும் அதே வருஷம் மறுசீரமைப்பில் இருந்தான். வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் போட்டிபோட்டுத் தோற்றுக்கொண்டிருந்தோம்.

"என்னடா லைல், நேத்து உன் பசங்க ரெண்டு பந்தை அடிச்சுட்டாங்களாமே. உடம்பு சரியில்லையா அவங்களுக்கு?"

"உன் கிழவனுங்களை யாருமே வாங்கலையாமேடா. தெருவுல 'இலவசம்'னு எழுதி வெச்சுப் பாரேன்."

அவன் சொன்னது உண்மை, நான் சொன்னதும் உண்மை. அவன் கையில் விற்காத கிழவர்கள் மூன்று பேர் மிச்சம் இருந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் நான் ஒன்பதாம் இடம், அவன் பத்து. எங்களுக்கு நடுவே நான்கே புள்ளி. கடைசி இடம் அருகே இருந்தது, ஆனால் அது பக்கத்து வீட்டில் இருந்தது. திட்டம் வேலை செய்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு திட்டம் வேலை செய்ததால் எனக்கு லேசாகத் தலை சுற்றியது.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து வந்தேன். ரோவீனா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கர்ட்டோட பேசினேன். அந்தப் பையன் வேணும்னார். குடுத்துட்டேன்."

"எந்தப் பையன்?"

"அதான், ஃபாஸ்."

நான் உட்கார்ந்தேன். நாற்காலி இருந்தது தெய்வச் செயல்.

"பதிலுக்கு?"

"மூணு பேர். மூணு பேருமே முப்பத்தஞ்சுக்கு மேல. நல்ல அனுபவசாலிங்க. ஒருத்தன் போயி மூணு பேர் வந்தா ஷிப்டுக்கு எவ்வளவு சௌகரியம் தெரியுமா?"

"ரோவீனா! அவன் எதிர்காலம்!"

"அந்த எதிர்காலம் தொப்பியை இடது கையால கழட்டுது. டிவியில பாத்தேன். வலது கைக்காரன் தண்ணி பாட்டிலையும் இடது கையால எடுக்கறான். என் கிட்ட லீவு கேக்கப் போற நர்ஸ் ரெண்டு வாரம் முன்னாடியே இப்படித்தான் நடந்துக்குவா."

"இந்த டிரேட் செல்லாது!"

"நம்ம வீட்டுப் போன்லதான் பேசினேன்," என்றாள், பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அங்கேதான் எனக்கு வியர்த்தது. வீட்டுப் போனில் யார் 'சரி' என்று சொன்னாலும் அது அணிக்காரன் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று எங்கள் லீக்கில் ஒரு விதி உண்டு. லீக் தொடங்கிய இரண்டாம் வருஷம் வந்தது. கர்ட் மீன் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து நான் போன் பண்ணி, அவனுடைய மிகச் சிறந்த ஆட்டக்காரனுக்கு இரண்டு உதவாக்கரைகளைத் தருவதாகச் சொன்னேன். அவன் மனைவி நேடின் அடுப்பில் ஏதோ தீய்கிற அவசரத்தில் "சரி சரி" என்றாள். அந்தச் 'சரி'யைச் செல்லுபடியாக்க ஒரு மாதம் வாதாடி, விதியை நானே என் கையால் எழுதினேன். அந்த வருஷமும் தோற்றேன் என்பது வேறு விஷயம்.

இருந்தாலும் விடவில்லை. எங்கள் லீக் தலைவர் ஆர்வில் பல் டாக்டர். மறுநாளே பல் சுத்தம் செய்கிற சாக்கில் போய்ப் படுத்தேன். நான் பேச ஆரம்பித்ததும் அவர் என் வாயில் கண்ணாடியை விட்டுவிட்டார்.

"அந்த டிரேட் விஷயமாதானே வந்த?"

"ஆ."

"விதி நாலு. பாத்துட்டேன். உன் கையெழுத்துதான்."

"ஆ! ஆஆ!"

"விதியை எழுதினவனே எதிர்க்கறதா? கடவாப்பல் ஒண்ணு ஆடுது, பாத்துக்க. ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடு, கோப்புல வெக்கறேன்."

அவர் போட்ட ஊசியில் வாய் மரத்துப்போயிருந்ததால் கை துணிந்துவிட்டது. வரவேற்பறையில் உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதினேன். இந்த டிரேடுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை யோசித்தது, பேசியது, முடித்தது எல்லாம் என் மனைவி ரோவீனா. இனி இந்த அணிக்கு நேரும் எதற்கும் நான் பொறுப்பல்ல. கீழே இரண்டு கோடு போட்டேன். எழுதியதும் மனசு லேசானது. மரத்துப்போனது அங்கேயும் பரவியிருந்தது என்று இப்போது புரிகிறது.

ஆட்சேபணை தள்ளுபடியானது.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மூன்று கிழவர்களும் அடிக்க ஆரம்பித்தார்கள். அதிலும் கிளெம் பைக் என்கிறவன், முப்பத்தெட்டு வயது, ஓடும்போது பார்க்கிறவர்களுக்கு மூச்சு வாங்கும், ஒரே வாரத்தில் ஆறு முறை பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினான். நான் எட்டாவது ஆனேன். ஏழாவது ஆனேன். பதினெட்டாம் நாள் டீகன் ஃபாஸ் பந்தை வீசிவிட்டு வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்றரை வருஷம் ஆடமுடியாது என்றார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கர்ட் அரை மணி நேரம் அசையாமல் நின்றான்.

"உங்க ரோவீனாதாண்டா எனக்குப் போன் பண்ணினா," என்றான் கடைசியில். "'ஃபாஸ் வேணுமா, இன்னிக்கு மட்டும்தான்'னா. தள்ளுபடி விக்கற மாதிரி பேசினாடா. என்னால யோசிக்கவே முடியல."

"நேடின் என்ன சொல்றா?"

"அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் கடைசி வந்தா கூட்டம் எங்க வீட்டுல. கூட்டம்னா புது சோபா வாங்கித்தான் ஆகணுமாம். அவளும் ரோவீனாவும் சேர்ந்து கடைக்குப் போயி கலர்கூடப் பாத்துட்டு வந்துட்டாங்க."

செப்டம்பர் முடிவில் நான் நாலாம் இடம். இருபத்தாறு வருஷத்தில் நான் ஏறிய உச்சி அது. ரோவீனாவுக்குக் கொடுத்த வாக்கு பிழைத்தது. லீக் பிழைத்தது. நானும் வேறு ஆளானேன். மறுசீரமைப்பு கோழைகளின் வேலை என்று பெயின்ட் கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். வெள்ளை பெயின்ட் வாங்க வந்த ஒரு பாதிரியார்கூட முழுசாகக் கேட்டார்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, சங்கக் கூடத்தில் லீக் விருந்து. பொரித்த பெர்ச் மீன், முட்டைகோஸ், பீர். மனைவிமார்களும் வருவார்கள். கோப்பையைக் கொடுத்து முடித்ததும் நான் எழுந்து தம்ளரைத் தட்டினேன். உட்காரச் சொல்லி ரோவீனா என் சட்டையை இழுத்தாள். அவளுக்கு அன்றைக்கு என்மேல் இரக்கம் இருந்திருக்கிறது.

"நண்பர்களே," என்றேன். "ஆகஸ்டில் நான் ஒரு முடிவெடுத்தேன். ஃபாஸைக் கொடுத்தேன். எல்லாரும் சிரித்தீர்கள். அந்த முழங்கையை நான் முன்னாடியே கவனித்திருந்தேன். ஒரு தலைவனுக்கு வேண்டியது கண்."

ஆர்வில் லீக் ஃபைலைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். நான் எழுதிய பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தார். நல்ல குரல் அவருக்கு. 'நான் பொறுப்பல்ல' என்ற இடத்தில் நிறுத்தி, "கீழ ரெண்டு கோடு போட்டிருக்கு," என்று சபைக்குத் தெரிவித்தார்.

சிரித்து முடிக்க அவர்களுக்கு வெகுநேரம் ஆனது. நேடின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் கர்ட் எழுந்தான். முப்பது வருஷமாக என் பக்கத்து வீட்டுக்காரன். என் ஏணி இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது.

"நான் ஒண்ணு சொல்றேன். அணிக்கும் தனக்கும் சம்பந்தமில்லன்னு அவனே எழுதிக் குடுத்துட்டான். அப்ப இடம் காலி. அதுல ரோவீனாவைப் போடணும்."

"ரோவீனா, உனக்குச் சம்மதமா?" என்றார் ஆர்வில்.

அவள் கொஞ்சம் தயங்குவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு நாகரிகத்துக்காவது.

"வியாழக்கிழமை ராத்திரி ஷிப்ட் போடணும். மத்த நாள் சரி," என்றவள், கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து ஆர்விலிடம் நீட்டினாள். "அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கப் போற அஞ்சு பேரு. டைப் அடிச்சிருக்கேன்."

"நான் இருக்கேன் இங்க," என்றேன். "உயிரோட இருக்கேன். கடைசி வந்தாத்தானே விலகறதா சொன்னேன்? நான் நாலாவது!"

"நாலாவது வந்தது ரோவீனாதான்டா," என்றான் கர்ட்.

"ஓட்டுக்கு விடறேன்," என்றார் ஆர்வில். "லீக்ல பத்துப் பேர். லைலும் இந்த நிமிஷம் வரைக்கும் உறுப்பினர்தான், அவனும் போடலாம். ஆதரவு?"

கைகள் எழுந்தன. அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்பது.

"எதிர்ப்பு?"

நான் வாயைத் திறந்தேன். ரோவீனா மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. சும்மாதான் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, ஆதரவுக்குக் கையைத் தூக்கினேன்.

"பத்து," என்றார் ஆர்வில்.