1948-ஐ 1950 ஆக்கும்படி ஒரு விண்ணப்பம்

டோர்செட் கிரீக், ஒஹாயோ
மே 12, 1994

மதிப்பிற்குரிய செய்திமடல் ஆசிரியர் ஹெர்ஷ்பெர்கர் அவர்களுக்கு,

மாதிரி ரயில் சங்கத்து நோரீன் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "மாமா, நீங்க ரயில்வேயில சேர்ந்ததே 1950-லதானே?" மற்றதையெல்லாம் சொல்லித் தொலைத்தேன்.

நம் குட்டி ரயில்பாதையில் எப்போதும் 1948 அக்டோபர்தான். நீராவி ரயிலின் வாலில் மாட்ட, அந்த ஆண்டுக்குப் பொருந்தும் கார்டு பெட்டியை, அதாவது ரயில் கார்டு தங்கும் கடைசிப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. பதினான்கு மாதம் படித்து, ஜன்னல்களை எண்ணி, கூரைமேல் கார்டு உட்கார்ந்து பார்க்கும் கூண்டின் உயரத்தை அளந்து, நிறம் பழுப்பு என்று தீர்ப்பளித்தேன். கூட்டத்தில் அதைக் காட்டியபோது, ஓய்வுபெற்ற ரயில்காரரான என் மாமா கிளீட்டஸ் எட்டிப் பார்த்தார்.

"சிவப்பும்மா. நான் அதுல படுத்துத் தூங்கினவன்."

ஆதாரமாகப் பழைய புகைப்படத்தை நீட்டினேன்.

"கறுப்பு வெள்ளைப் படத்துல பழுப்பு உனக்கு மட்டும் தெரியுதாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். "தூங்கினவருக்கு நிறம் எப்படித் தெரியும்?" என்றேன். மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 21-ஆம் தேதி திறப்பு விழாவில் முதல் ரயிலை ஓட்ட வேண்டியவர் அவர். வர மாட்டாராம், வெர்னா அத்தை தொலைபேசியில் சொன்னார்.

ஆகவே, செய்திமடலில் போடும் விழா அழைப்பில் 1948-ஐ 1950 என்று திருத்துங்கள். அந்த ஆண்டு பெட்டி சிவப்புதான், நேற்றே பூசிவிட்டேன். இனி ரெண்டு எஞ்சினை அலமாரியில வைக்கணும், ஏழு காரை மாத்தணும், சுவர்ல இருக்கிற 48-ஆம் வருஷத் தேர்தல் விளம்பரத்தைச் சுரண்டணும். மன்னிப்புங்கிற ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாம ஒரு ஊரையே ரெண்டு வருஷம் நகர்த்துறேன்னு எனக்கே தெரியுது.

தாங்களும் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க வேண்டும்.

பணிவுடன்,
நோரீன்

பி.கு. (மே 22): அன்று உறையை ஒட்டும்போதே மாமா வந்துவிட்டார். கையில் பழுப்பு பெயின்ட் டப்பா.

"நான் சேர்ந்தது அம்பதுலன்னு உங்க அத்தைதான் ஞாபகப்படுத்தினா. நீ ஏன் அன்னிக்கே சொல்லல?"

"மனசு வரல மாமா."

"உனக்கா!"

அதனால் இந்தக் கடிதத்தை அன்று அனுப்பவில்லை, எதையும் திருத்த வேண்டியும் வரவில்லை. முழங்கால் வலியால் தாங்கள் விழாவுக்கு வர முடியாததால் செய்தி மட்டும்: மாமாதான் முதல் ரயிலை ஓட்டினார். டப்பாவில் இருந்த பெயின்ட் ஒரு பக்கத்துக்குத்தான் போதுமாக இருந்தது. கார்டு பெட்டி போகும்போது பழுப்பாகவும் திரும்பும்போது சிவப்பாகவும் ஓடியது.