கொழும்புச் சரக்கும் சுடலைமாடன் கெடாவும்

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு, மாமனார் சௌந்தரபாண்டியன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கொழும்பில் நீங்களும் ஜெயப்பிரியாவும் நல்லபடியாக இருக்க ஆண்டவன் துணை செய்யட்டும். போனில் சொல்லலாம் என்று பார்த்தால் நேற்றிலிருந்து எனக்கு வாய் குழறுகிறது. அதனால் கைப்பட எழுதி, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடுங்கள்.

நம் கடலை மிட்டாய்க்காரர்கள் சங்கமும் கொழும்பு வியாபாரிகள் சங்கமும் கூட்டு ஒப்பந்தம் போட்டதே உங்கள் வாக்கை நம்பித்தான். முதல் கண்டெய்னர் சொன்ன கப்பலில் பழுதில்லாமல் வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று அவர்கள் கறாராகச் சொன்னதும், "அதுக்கு எங்க மாமா பொறுப்பு" என்று நீங்கள் சபையில் எழுந்து சொன்னதும் எனக்கு மறக்குமா? அதனால்தான் பைபாஸ் ஓரத்தில் புதிதாகக் கட்டிய பொதுக் கிட்டங்கியில் நானே வெயிலில் நின்று சரக்கு ஏற்றினேன். ஆனால் கிட்டங்கிக்கு அடுத்த கரிசல் காட்டில் வள்ளித்தாய் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறாள். அந்தக் கிடையில்தான் சுடலைமாடசாமிக்கு நேர்ந்துவிட்ட கெடா இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை கோவில் கொடை. அந்தக் கெடா இல்லாமல் கொடை இல்லை. நேர்ந்துவிட்ட ஆட்டை யாரும் கை ஓங்கி விரட்டமாட்டோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டீக்கடைக்குள் போனால் பன் கொடுப்போம், பேங்குக்குள் போனால் வரிசையில் வழி விடுவோம்.

நேற்று அப்படித்தான் பாதிச் சரக்கு ஏறியிருக்கும்போது பலகை வழியாக ஆடு கண்டெய்னருக்குள் போய்விட்டது என்று சத்தம் கேட்டது. பெட்டி கட்டும் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முதல் சரக்குக்குச் சாமியே வந்து ஏறியிருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது, நானும் வெளியில் நின்றபடியே ஒரு கும்பிடு போட்டேன், வேண்டிய மட்டும் இருந்துவிட்டுத் தானாக இறங்கட்டும் என்று விட்டுவிட்டோம், அதற்குள் பெரிய மனிதர்கள் வந்துவிட்டார்கள், நாலுவழிச் சாலை என்றார்கள், துறைமுகம் என்றார்கள், இரு கரைகளையும் இணைக்கும் வணிகம் என்றார்கள், மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், அந்தக் கைதட்டலில் கதவைச் சாத்தி முத்திரையும் வைத்து லாரி கிளம்பிவிட்டது. ஆட்டை ஒருவரும் நினைக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தேன். தூத்துக்குடியிலிருந்து நம் ஏஜெண்டு மாரிச்சாமி போன் பண்ணினான். "அண்ணாச்சி, பெட்டிக்குள்ள என்னத்த ஏத்துனீய? ஸ்கேன்ல ஒரே காலும் வாலுமா தெரியுது" என்றான். அது கயிறாக இருக்கும் என்றேன். "கயிறு கத்துமா அண்ணாச்சி?" என்றான். பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது.

டாக்சி பிடித்து ஓடினேன். சுங்க அதிகாரி முன்னால் முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தால், வாசலிலேயே ஆடு நின்றுகொண்டு நம் ஏற்றுமதி ரக மிட்டாயை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது. அதிகாரி ஆட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி ஆட்டைப் பார்க்கிறார். மாரிச்சாமி காதைப் பிடித்து இழுக்கப் போனான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் கும்பிட்டு, "இறங்குங்க சாமி" என்று வாழைப்பழம் காட்டி இறக்கினேன். கடித்த பெட்டிகளை எடுத்துவிட்டு, இடத்தைத் துடைத்தோம். கப்பலுக்குச் சரக்கு எடுக்கும் நேரம் முடியப்போகிறது என்றார்கள். உள்ளே முழுதும் பார்க்கவேண்டாமா என்று அதிகாரி கேட்டார். நான் பதறிப்போய், சாமி சத்தியமாக உள்ளே இனி மிட்டாய் மட்டும்தான், கதவைச் சாத்துங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். சரக்கு கப்பல் ஏறிவிட்டது. ஆட்டுக்கு ஒரு மாலை போட்டு டாக்சியில் என் பக்கத்திலேயே உட்காரவைத்துக் கூட்டிவந்தேன்.

ஆகவே நீங்கள் ஒன்றுக்கும் கலங்கவேண்டாம். உங்கள் வாக்கும் என் மானமும் தப்பின. கண்டெய்னர் வரும்போது நீங்கள் துறைமுகத்துப் பக்கமே போகவேண்டாம், போனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கொழும்புச் சங்கத்தார் தாங்களே திறந்து பார்த்துக்கொள்ளட்டும். ஜெயப்பிரியாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். உங்கள் இருவர் வீட்டிலும் வாசலிலும் நல்லதே வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்,
சௌந்தரபாண்டியன்.

பின்குறிப்பு: எழுதி முடித்துப் படம் பிடிக்கப்போகும் நேரத்தில், கழுகுமலைக்குப் போயிருந்த வள்ளித்தாய் வந்தாள். மாலையோடு நிற்கிற ஆட்டைக் குனிந்து பார்த்தாள். "அண்ணாச்சி, இது பொட்டையில்லா? கெடாவுக்குத் தொணையா அது பின்னாலயே திரியுத ஆடு. சாமிய எங்கன விட்டுட்டு வந்தீய?" என்றாள். அப்படியானால் கெடா இன்னும் கண்டெய்னருக்குள்ளேதான் இருக்கிறது. மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். உடனே துறைமுகத்துக்கு ஓடுங்கள். கதவைத் திறக்கும்போது நீங்கள்தான் முன்னால் நிற்கவேண்டும், கையில் தண்ணீர் இருக்கட்டும், அங்கே யாரும் கை ஓங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் கூடிப் பேசி, கெடா எங்கே இருக்கிறதோ அங்கேதான் கொடை என்று தீர்மானம் போட்டுவிட்டது. மேளக்காரர்கள் பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் வாசலில் நிற்கிறார்கள். இரு தரப்புப் பிரதிநிதிகளும் வந்துபோகலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே, அதில் சாமியாடிக்கும் இடம் உண்டா என்று கொழும்புச் சங்கத்தாரிடம் பக்குவமாகக் கேட்டுச் சொல்லுங்கள்.