ஒரு காய்கூட விழவில்லை

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்வதற்கு மட்டும் உதவுகிற உறுப்பு. இந்த உண்மை எனக்கு இருபது வயதுவரை தெரியாது. உறைந்த ரப்பர் பாலின் நாற்றமும், புகைக்கூடத்து வாடையும், ஷீட் கழுவிய தண்ணீர் ஓடுகிற சாக்கடைக் கானின் வாசமும் எங்களுக்குக் காற்று மாதிரி. யட்டியாந்தோட்டையில் பஸ் இறங்கி எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினால், "பாவம், தடிமன் போல" என்று இஞ்சி போட்டுப் பிளேன்டீ கொடுப்போம். (குடித்துவிட்டு மறுபடியும் பொத்திக்கொள்வார்கள். கடுமையான தடிமன்!)

இந்த மூக்கை வைத்துக்கொண்டு என் தங்கச்சியின் தேசிய சதுரங்கப் பட்டத்தை நான் கவிழ்க்கப் பார்த்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. வாணிக்குப் பதினொரு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் மழை நாட்களில் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று செஸ் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருஷத்தில் வாணியிடம் தோற்காத ஆள் பள்ளிக்கூடத்தில் இல்லை. ஆசிரியையே "எனக்குத் திருத்த வேண்டிய கொப்பி இருக்கு" என்று நழுவ ஆரம்பித்துவிட்டார். மாவட்டத்தில் ஜெயித்தாள், மாகாணத்தில் ஜெயித்தாள், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தேசியப் போட்டிக்குத் தெரிவானாள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் அந்த வயதில் கொழும்புக்குப் போவதென்றால் யார் வீட்டிலாவது பாத்திரம் கழுவத்தான். அம்மா பால் வெட்டும் மலையில் அந்த மாதம் முழுக்க ஒரே பேச்சு: "நம்ம வாணி கொழும்புக்கு வெளையாடப் போகுதாம்!"

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். ஏ.எல். பரீட்சையோடு இரண்டு தடவை மோதி, இரண்டு தடவையும் பரீட்சையே ஜெயித்ததால், தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். பாலை வடிகட்டுவது, தட்டில் ஊற்றுவது, உறைவதற்கு அசிட் கலப்பது என் வேலை. மூன்றே மாதத்தில் என்னை நானே விஞ்ஞானியாக நியமித்துக்கொண்டேன். செருப்பு வார் அறுந்தால் ரப்பர் பால். குடையில் ஓட்டை விழுந்தால் ரப்பர் பால். அப்பாவின் ரேடியோவில் மூடி கழன்றபோதும் ரப்பர் பால்தான். (அதற்குப் பிறகு ரேடியோ பாடவில்லை. அதற்குக் காரணம் வேறு.)

வாணியின் செஸ் செட் யட்டியாந்தோட்டைக் கடையில் வாங்கியது. உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் காய்கள். மாகாணப் போட்டியில் மேலே மின்விசிறியைப் போட்டதும் அவளுடைய ராஜா மல்லாக்க விழுந்தார். தூக்கி நிறுத்தினால் மறுபடியும் விழுந்தார். எதிரே இருந்த பிள்ளை சிரித்துவிட்டது. வாணி அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"காய்க்கு வெயிட் ஏத்துறேன்" என்றேன்.

"வேணாம்ணே. கொஞ்சம் பாத்து வச்சா விழாது."

"கொழும்புப் புள்ளைங்க காயைத் தூக்கிப் பாத்திருக்கியா? கல்லு மாதிரி இருக்கும். அடியில பச்சத் துணி ஒட்டியிருக்கும். ஜெயிச்சா மட்டும் போதுமா? மரியாதையா ஜெயிக்க வேணாமா?"

ஆற்று மணலைச் சலித்து, ரப்பர் பாலில் குழைத்து, முப்பத்திரண்டு காய்களின் வயிற்றையும் நிரப்பினேன். அசிட்டை மட்டும் வழக்கத்தைவிடக் குறைத்துப் போட்டேன், பச்சைப் பிள்ளை கையால் தொடுகிற சாமானாயிற்றே என்ற அக்கறையில். (அசிட் குறைந்தால் பால் சரியாக உறையாது, அரைகுறையாக உறைந்து அழுக ஆரம்பிக்கும் என்பது ஸ்டோரில் கூட்டுகிற ஆளுக்குக்கூடத் தெரியும். விஞ்ஞானிக்குத்தான் அது தோன்றவில்லை.) அடியில் ஒட்டப் பச்சைத் துணி கிடைக்கவில்லை. அப்பா மழைக்குப் போர்த்துகிற கம்பளியின் ஓரத்தில் முப்பத்திரண்டு வட்டம் வெட்டி எடுத்தேன்.

மறுநாள் அப்பா கம்பளியை விரித்துப் பிடித்து அம்மாவிடம் காட்டினார். "என்ன எலியோ தெரியல. வட்டம் வட்டமா அளவு பாத்துக் கடிச்சிருக்கு."

வாணியைக் கூட்டிப்போக வேண்டிய ஆசிரியைக்கு அம்மை போட்டுவிட்டது. பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் தலைக்கு அது போதாதா? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் நான்தான் கோச் என்று சொல்லிக்கொண்டு போனேன். ஏதோ காரணத்தால் அவிசாவளைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அது போர்க்காலம். கொழும்புக்குள் நுழையும் இடத்தில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். இருபது வயதுத் தமிழ்ப் பையன், கையில் பெட்டி, விடுவார்களா? ஓர் ஆமிக்காரர் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் குனிந்தார். உடனே நிமிர்ந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை மூடு, போ, போ என்று கையை வீசினார். மறுபடியும் பஸ்ஸில் ஏறியதும் வாணியைப் பார்த்து, "பாத்தியா, செஸ்ஸுன்னா எவ்வளவு மரியாதைன்னு" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போட்டி மூன்று நாள். செட்டை ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். ஆடுகிற இருவரில் யாருடையதை வைத்தும் ஆடலாம். நாங்கள் தூரத்து மாமா ஒருவரின் கடை மாடியில் தங்கினோம். அவர் செஸ் பெட்டியை மட்டும் மொட்டைமாடியில் வைக்கச் சொன்னார். வெயில் பட்டால் நன்றாக இறுகும் என்று நானும் சந்தோஷமாகக் கொண்டுபோய் வைத்தேன்.

ஆறு சுற்று முடிந்தது. வாணியும் டில்ஹானி என்ற கொழும்புப் பிள்ளையும் புள்ளியில் சரிசமம். கடைசிச் சுற்றில் இருவரும் மோத வேண்டும், ஜெயிப்பவள் சாம்பியன். என் கவலையோ வேறு. ஆறு சுற்றிலும் எதிராளியின் செட்டில்தான் ஆட்டம் நடந்திருந்தது. நான் இரண்டு வாரம் பாடுபட்டுச் செய்தது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதனால் கடைசிச் சுற்றுக்கு யாரும் வருவதற்கு முன்பே மண்டபத்துக்குள் போய், முதலாம் மேசையில் எங்கள் செட்டை அடுக்கினேன். எண்ணிப் பார்த்தால் வெள்ளை ராஜாவைக் காணவில்லை. மேசைக்கடியில் தவழ்ந்து தேடினேன். பின்னால் வந்து நின்ற வாணி, சீருடைப் பையிலிருந்து ராஜாவை எடுத்து நீட்டினாள். ராசிக்காக வைத்திருக்கிறாள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். அவள் முகம் செத்துப்போயிருந்தது. கடைசிச் சுற்று, பயம் இருக்கத்தானே செய்யும் என்று தலையைத் தடவிவிட்டு வெளியே வந்தேன்.

கூட வந்தவர்கள் வராந்தா ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். என் பக்கத்தில் டில்ஹானியின் அம்மா, கையில் தேத்தண்ணிப் போத்தலோடு. தகரக் கூரை, நல்ல வெயில், முதலாம் மேசை ஜன்னலோரம்.

பத்து நிமிஷத்தில் டில்ஹானி லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தாள். கொழும்பிலும் தடிமன் இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அடுத்த மேசைப் பிள்ளை தன் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தது. அதற்கடுத்த மேசைப் பிள்ளையும் பார்த்தது. நடுவர் நடந்துவந்து, நின்று, முகர்ந்து, தன் சப்பாத்தையும் பார்த்தார். டில்ஹானியின் அம்மா என்னிடம் சிங்களத்தில், "தம்பி, இங்கே எங்கேயாவது எலி செத்துக்கிடக்கிறதா?" என்று கேட்டார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே நோனா" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

அப்போதுதான் டில்ஹானி தன் கோட்டையைத் தூக்கினாள்.

கோட்டை வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கோட்டையோடு அட்டைப் பலகையின் மூலையும் சேர்ந்து எழும்பியது. பயந்துபோய் வேகமாக இழுத்தாள். பலகை முழுவதும் மேசையைவிட்டுக் கிளம்பி, சுவர்போல நிமிர்ந்து நின்றது. ராஜாக்கள், ராணிகள், குதிரைகள், சிப்பாய்கள் எல்லாம் அந்தச் சுவரில் வௌவால் மாதிரி அப்படியே தொங்கின. ஒரு காய்கூட விழவில்லை. என் விஞ்ஞான வாழ்க்கையில் நினைத்தது நினைத்தபடி நடந்த ஒரே கணம் அதுதான்.

டில்ஹானி இடது கையால் பலகையை அமுக்கினாள். அந்தக் கை போய்ப் பிடித்தது அவளுடைய ராணியை. கோட்டை விடுபட்டது, அதன் கம்பளி அடி மட்டும் கட்டத்திலேயே தங்கிவிட்டது, உள்ளேயிருந்த ஈர மணல் பொலபொலவென்று கொட்டியது. பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள்.

சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். இது சட்டம். அந்த நேரத்தில் ராணியை எங்கே நகர்த்தினாலும் டில்ஹானிக்குத் தோல்வி என்று வாணி பிற்பாடு எனக்கு விளக்கினாள். (விளங்கியது போலத் தலையாட்டினேன்.) நடுவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு வாணியிடம் கேட்டார்: "மகள், இவள் எதைத் தொட்டாள்? கோட்டையையா, ராணியையா?"

"ராணி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டம் கையில். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. (ஏன் பிடித்திருந்தார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும்.)

வாணி எழுந்து நின்றாள். சுத்தமான சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அவள் ராணியைத் தொடவில்லை சேர். பலகை பறக்காமல் பிடித்தாள். இதெல்லாம் எங்கள் அண்ணா செய்த வேலை."

சொல்லிவிட்டு ஜன்னலைக் காட்டினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. நான் சட்டென்று குனிந்துகொண்டேன். பாவம், டில்ஹானியின் அம்மாதான் தனியாக மாட்டிக்கொண்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். நடுவர் கோட்டையை விரல் நுனியில் தூக்கி, முகர்ந்து, "ரபர் கிரி!" என்றார். ரப்பர் பால். என் தொழிலை ஒருவர் முகர்ந்தே கண்டுபிடித்தது அன்றுதான். டில்ஹானியின் அம்மா, காயில் கைவைத்தவர்களை விலக்கிவிட்டுத் தன் மகளுக்கே வெற்றியைக் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். நியாயமான பேச்சு. நடுவரும் யோசித்தார். அம்மாவின் முகம் கண்ணில் வந்தது. "சேர், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பிள்ளை ஆடட்டும்" என்றேன்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. டில்ஹானியின் செட்டில் அதே நிலையை அடுக்கி ஆட்டம் தொடரும். டில்ஹானிக்குப் பத்து நிமிஷம் கூடுதல். எங்கள் செட்டும், அதைச் செய்தவரும், ஆட்டம் முடியும்வரை வாசல் படலைக்கு வெளியே.

ஆகவே, என் தங்கச்சி தேசியப் பட்டத்துக்காக ஆடிக்கொண்டிருந்தபோது, நான் கொழும்பு வீதியில் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை மணிநேரம் வெயில். ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. போகிற பஸ்ஸுக்கெல்லாம் நான் காட்சிப்பொருள். உள்ளே அவள் தோற்றால் எந்த முகத்தோடு யட்டியாந்தோட்டையில் இறங்குவது என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

வாணி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னாச்சு?"

"கோட்டைய வச்சு நல்லா ஆடினாங்கண்ணே. ராணிய நகத்த வச்சிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்."

"வாணி, என்னாச்சுன்னு சொல்லு!"

"ஜெயிச்சுட்டேன். பரிசு குடுக்கப் போறாங்க, வாங்க." கொஞ்சம் நின்று, "பெட்டிய வெளியிலயே வச்சுட்டு வாங்க" என்றாள்.

ரோடென்றும் பாராமல் தேம்பித் தேம்பி அழுதேன். அவள் தோளைப் பிடிக்கப் போனேன். என் கையைப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் ராஜாவைப் பற்றிக் கேட்டேன். ஆறு சுற்றிலும் எதிராளியிடம், "எங்க செட்ல ராஜா தொலைஞ்சுபோச்சு, ஒங்க செட்ல ஆடுவோமா?" என்று சொல்லியிருக்கிறாள். காய்கள் நாறுவது முதல் நாளே அவளுக்குத் தெரியும். "அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். "ரெண்டு வாரம் ஒக்காந்து செஞ்சீங்கள்லண்ணே" என்றாள். பிறகு கோப்பையைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள்.

தோட்டத்தில் தப்பு மேளத்தோடு வரவேற்பு. அப்பா, எலி கடித்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்னால் நின்றார். கதை தெரிந்ததும் அம்மா சிரித்த சிரிப்பு ஐந்து லயம் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கதவு இறுகினாலும், சோறு அடிப்பிடித்தாலும், சீலையில் பசை பட்டாலும் ஒரே பெயர்தான்: "அண்ணன் செஞ்ச வேல."

வாணி இப்போது கரவனெல்லைப் பக்கம் கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பு வாசலில் ஓர் அறிவிப்பு: "அண்ணன்மார் உள்ளே வரக் கூடாது." புதிதாக வருகிற பெற்றோர் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். உடனே கதை ஆரம்பமாகும். வருஷத்துக்கு வருஷம் அந்தப் பலகை இன்னும் உயரமாக எழும்புகிறது. போன மாதம் கூரையை முட்டிவிட்டது. முடிக்கும்போது, "ஒன்றரை மணிநேரமா எங்கண்ணன் அந்தப் பெட்டியக் கீழயே வைக்கல. ஏன் தெரியுமா? கையோட ஒட்டிக்கிச்சு!" என்பாள். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பெட்டி கையில் ஒட்டவில்லை. அதைக் கீழே வைத்தால் அவள் தோற்றுவிடுவாள் என்று எனக்கு ஒரு பயம். இதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பத்து வருஷம் சிரிப்பாள்.