வாளிக்கு மூன்று மீட்டர்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் மகளும் நலம். எங்கள் குடியிருப்பின் பொது அறைக் கடிகாரமும், கீழ்வீட்டுப் பல் டாக்டரின் ஆள்காட்டி விரலும் நலமில்லை.

அத்தான் தவறிப்போனதிலிருந்து நான்கு மாதமாக ஒரு வார்த்தை பேசாத பெண்ணை, "அங்க பசங்க கூட்டம் இருக்கு, கலகலன்னு ஆயிடுவா" என்று நம்பி என்னிடம் அனுப்பினாய். நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, பழைய சாக்ஸ்களைச் சுருட்டிப் பந்தாக்கி, மூன்று மீட்டர் தள்ளி வாளி வைத்து, கோட்டுக்குப் பின்னால் நின்று எறியும் ஆட்டம் தொடங்கினேன். முப்பத்து நான்கு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நடத்தும் ஆட்டத்தில் ஒரு பந்து கொழுத்தும் ஒரு பந்து இளைத்தும் இருக்கலாமா? எல்லாவற்றையும் தராசில் நிறுத்தேன். ஒன்று மட்டும் இருபது கிராம் குறைச்சல். உள்ளே ஒரு கூழாங்கல்லை வைத்துத் தைத்தேன், எடை கச்சிதமாக வந்தது. நெட்டை என்கிற பையன் கையில் அதுதான் கிடைத்து, அது வாளியைத் தாண்டிப் போய்க் கடிகாரத்தை உடைக்க, பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் குதிக்க, கீழே வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளி பயந்துபோய் டாக்டர் விரலைக் கடிக்க, அவர் கட்டுப் போட்ட விரலோடு ஏறி வந்து, "சார், இங்க விளையாடறது பசங்களா, நீங்களா?" என்று கேட்டுவிட்டார். எடை சரியாகத்தான் இருந்தது என்றேன். மனுஷன் காதிலேயே வாங்கவில்லை.

அது கிடக்கட்டும். கரும்பலகையில் புள்ளி எழுதும் வேலையை உன் மகளுக்குக் கொடுத்திருந்தேன், அதற்குப் பேச வேண்டியதில்லை பார். அத்தனை பேர் கத்தியபோதும் அவள் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினாளே தவிர வாய் திறக்கவில்லை. அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னால் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொண்டு போ. ஆட்டத்தையும் இன்றோடு மூட்டை கட்டிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு, மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
ஒன்றுக்கும் உதவாத உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது பிள்ளைகள் வந்து, "கடைசியா ஒரு தடவை நீங்க எறியுங்க சார்" என்று இழுத்துப் போனார்கள். எறிந்தேன், நேராக வாளிக்குள் விழுந்தது. கைதட்டலுக்கு நடுவே கரும்பலகைப் பக்கமிருந்து ஒரு குரல்: "மாமா, கோட்ட மிதிச்சிட்டீங்க! செல்லாது!" உன் மகள்தான் அக்கா. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள், நாளைக்கும் ஆட்டம் உண்டு. சத்தியமாக நான் மிதிக்கவில்லை, கோட்டுக்கு நான்கு விரல் பின்னால்தான் நின்றேன். "ஆமாம்மா, மிதிச்சிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன்.