மூடியில் ஒட்டிய லேபிள்

எல்லாவற்றிற்கும் லேபிள் ஒட்டுகிறவர்களிடம் தவறு நடக்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதைப் பரப்பியவளே நான்தான். (எங்கள் வீட்டு உப்பு டப்பாவில் வாங்கிய தேதிகூட இருக்கும்.)

நெல் வயலில் தேங்கிய தண்ணீர் மேல் யூரியாவைத் தூவினால், நைட்ரஜனில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். மெதுவாகக் கரையும் பூச்சுப் பூசி, உருண்டைகளாகச் சேற்றுக்குள் புதைத்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும். இதைக் காட்டுவதற்காக சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டு காரிடாரில், உயரமான இரண்டு வாளிகளில் நாற்று நட்டிருந்தேன். (நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் வெயில் கிடையாது.) ஒன்றில் தூவினேன், மற்றதில் புதைத்தேன். செயல்விளக்கத்துக்கு முந்தின இரவு, வாடை உள்ளேயே சேரட்டும் என்று மூடி போட்டு, அவற்றின் மேல் 'தூவியது', 'புதைத்தது' என்று அழகாக எழுதி ஒட்டினேன்.

மலேசியாவின் கெடாவில் நெல் வயல்களை நிர்வகிக்கும் சாந்தி மேடம் அதைப் பார்க்க ஜாலான் புசார் ஹோட்டல் அரங்கு ஒன்றுக்கு வந்திருந்தார். அவர் சம்மதித்தால் எங்கள் உருண்டைக்கு நிஜ வயல் கிடைக்கும். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க வாளிதான். ஒரு வாளியை நான் தூக்கினேன், இன்னொன்றை அம்மா.

"முதல்ல பழைய முறை, மேடம்" என்று 'தூவியது' மூடியைத் திறந்தேன். அவர் குனிந்து முகர்ந்தார்.

"நல்லாத்தானே இருக்கு?"

லேபிளை இன்னொரு முறை படித்தேன். அடுத்த மூடியைத் திறந்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதையா எங்க வயல்ல போடச் சொல்றீங்க?"

பின்வரிசையில் கறிபாப் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "காலையில ரெண்டையும் தொறந்து பாத்தேன் லா. கொசுப்புழு இருந்தா ஃபைன் போடுவாங்கல்ல."

"திரும்ப எப்படிம்மா மூடுனீங்க?"

"மூடிதானே. எதுல எது போட்டா என்ன?"

மனதில் ஒரு பட்டியல் ஓடியது: மன்னிப்புக் கேட்பது, விளக்குவது, வேலையை விடுவது. மூன்றையும் விட்டுவிட்டு, வாடையில்லாத வாளிக்குள் கோட்டோடு முழங்கை வரை கையை விட்டேன். சேற்றோடு, நான் புதைத்த மஞ்சள் உருண்டைகள் வந்தன. அப்படியே மேடத்தின் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதை முகர்ந்தார். பிறகு நாறுகிற வாளியைக் காட்டிக் கேட்டார்:

"அப்ப நாங்க இவ்வளவு வருஷமா போட்டதெல்லாம் இப்படித்தான் காத்துல போச்சா?"

"எல்லாம் இல்ல மேடம். ஆனா நிறைய."

"ஒரு வயல் தரேன் மா. அதுக்கு மூடி கிடையாது."

அந்த வயல் இந்த ஆண்டு அறுவடையானது. விளைச்சல் குறையவில்லை, உரம்தான் குறைந்தது. அடுத்த போகத்துக்குப் பக்கத்து வயலையும் தருவதாகச் சொல்லி, மேடம் ஒரு பை அரிசி அனுப்பினார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ரசச் சட்டியைத் திறக்குமுன் யாராவது ஒருவர் கேட்பார்: "தூவுனதா, பொதைச்சதா?"

அந்த அரிசியை டின்னில் கொட்டிய அம்மா, தானே 'புதைத்தது' என்று எழுதி லேபிள் ஒட்டினார்.

மூடியில்தான்.