ஆடித் தபசுக்குள் ஐந்து பைகள்

அன்புள்ள மாப்பிள்ளை இசக்கிராஜா அவர்களுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து மாமனார் சங்கரசுப்பு எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய தூசி உறிஞ்சும் மெஷின்தான் நலமில்லை.

ஆடித் தபசுத் திருவிழாவுக்குப் பேத்தியை அழைத்து வருவதாக நீங்கள் சொன்னதும் உங்கள் அத்தைக்குக் கால் தரையில் இல்லை. சண்முகப்ரியாவோ, "வீட்ல தூசி இருந்தா பிள்ளைக்கு வீசிங் வந்துரும், கூட்டிட்டு வரமாட்டேன்பா" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். நியாயம்தான். எதிர்வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. எங்கள் சோற்றில்கூடப் பஞ்சு. மெஷின் முதல் மாதம் நன்றாக இழுத்தது. பிறகு இரைச்சல் மட்டும் இருந்தது, இழுப்பு இல்லை. பை நிறைந்துவிட்டது, மாற்றுங்கள் என்றீர்கள். புரிந்தது. மூன்று பந்தி சாப்பிட்டவனுக்கு நான்காவது இலை போட்டால் மூச்சுதான் வாங்குவான். ஆனால் மாற்றுவதற்குப் பை எங்கே? அட்டைப்பெட்டியின் மேல் 'கூடுதலாக ஐந்து பைகள்' என்று அச்சிட்டிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. கடைக்காரரை நீங்கள் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

சரி, இருக்கிற பையை அலசிக் கொடியில் போடுவோம் என்று தண்ணீரில் நனைத்தேன். காகிதம் தண்ணீரில் என்ன ஆகும் என்று முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கூழாகி வாளியில் மிதந்தது. மிஞ்சிய அட்டை வளையத்தோடு டெய்லர் மன்சூர் அலியிடம் போனேன். "கவலப்படாதிய சார், நைட்டித் துணில ஒரு பை அடிச்சுத் தாரேன், உங்க பேத்தி காலத்துக்கும் வரும்" என்றார். மாட்டி, சுவிட்சைப் போட்டேன். முன்பக்கம் இழுத்த தூசியெல்லாம் சல்லடையில் சலித்த மாவு மாதிரி பின்பக்கம் வந்து, மடித்த துணி, சாமி படம், என் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் படிந்தது. எதிர்வீட்டுத் தறிக்காரர் மூக்காண்டி வாசலில் நின்று, "என்ன வாத்தியாரே, எங்க தறிய விட உங்க வீட்லலா பஞ்சு பறக்கு!" என்கிறார். "வாரியலக் குடுத்திருந்தா இந்நேரம் நாலு தடவ பெருக்கியிருப்பேன், கேட்டியளா?" என்று உங்கள் அத்தை இன்னொரு பக்கம். பொறுமைசாலி என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அது இந்த வாரத்தோட போச்சு மாப்பிள்ளை. நான் என்னதான் செய்ய, சொல்லுங்க?

தபசுக்குப் பதினொரு நாள்தான் இருக்கிறது. எப்படியாவது ஐந்து பைகள் வாங்கிக் கூரியரில் அனுப்புங்கள். பேத்தி வராவிட்டால், சப்பரம் எங்கள் வாசலில் வந்து நின்றாலும் நாங்கள் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

உங்கள் மூவருக்கும் கோமதி அம்மன் தூசியில்லாத நல்ல மூச்சைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சங்கரசுப்பு

பி.கு.: கடைக்காரரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள். ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அட்டையில ஓட்ட போட்ட வெள்ளப் பையா? அதுலதான போன மாசம் பிள்ளைக்கு வத்தல் போட்டு அனுப்புனேன்! காத்தோட்டமா இருக்கும்லா!" என்கிறாள். வத்தல் நமத்துப்போகாமல் வந்தது என்று நீங்கள் போனில் பாராட்டினீர்களே, அந்தப் பைகள்தான். உதறி அனுப்புங்கள். மோர்மிளகாய் இருந்ததை மட்டும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். பேத்தி வருகிற வீடு. நாலு போதும்.